மஞ்சள் எழுத்தில் ஒரு வரி

பல்லடத்தில் பஸ் ஏறும்போது நாகஜோதியின் மனதில் ஒன்றும் இல்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்ததே அன்றைக்குப் போதும் என்றிருந்தது. இருக்கை ஈரமாக இருந்தது. ராத்திரி மழை ஷட்டர் இடுக்கு வழியாக இறங்கி ரெக்சினில் ஊறியிருந்தது. துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டு உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, என்ன மழை, என்ன இடி, கரண்டு எத்தனை தடவை போய்ப் போய் வந்தது என்று நினைத்தாள். அந்த நினைப்பு அதோடு நின்றிருக்கலாம். கரண்டு போய் வந்தால் என்று அது தானாக நீண்டது, அதற்கு மேல் ஃபெலிக்ஸ் அண்ணனின் குரலில் வந்தது. ஃபெலிக்ஸ், கம்பெனியிலிருந்து ஊர் ஊராகப் போய்க் கருவிகளைப் பொருத்திவிட்டு வருகிறவர். போன வாரம் டீக்கடையில் ஒரு கையில் வடையும் மறு கையில் டம்ளருமாக நின்றுகொண்டு சொன்னார். "காங்கேயம் கிடங்குல கரண்டு போய் வந்தா கம்ப்ரசர் தானா எடுக்காது ஜோதி. ஆள் போய் பட்டன் அமுக்கணும். அதுக்குத்தான் சைரன் வச்சிருக்கேன். சைரனுக்கு மூளை யாருங்கற? உன் குளிர்தான். அது சொல்ற மொத வரியை எடுத்துக்கறேன், எட்டுக்கு மேல போனா கத்துன்னு சொல்லி வச்சிருக்கேன். ரெண்டே வரி ஸ்கிரிப்ட்." அவள் அப்போது சிரித்தாள். நல்லா இருக்குண்ணா என்றுகூடச் சொன்னாள். மொத வரி. பஸ் ஸ்டாண்டைவிட்டு பஸ் திரும்பி மெயின் ரோட்டில் ஏறியபோது அந்த இரண்டு வார்த்தைகள் மட்டும் திரும்பத் திரும்ப வந்தன. நேற்று சாயங்காலம் கிளம்புகிற நேரத்தில் குளிருடைய புதிய பதிப்பை வெளியிட்டவள் அவள்தான். அப்படியானால் நேற்று சாயங்காலத்திலிருந்து குளிர் சொல்கிற முதல் வரி எண் இல்லை.

குளிர் என்பது அவர்கள் கம்பெனி எழுதித் தருகிற சின்ன நிரல். மருந்துக் கிடங்கின் குளிர் அறைக்குள் ஒரு சென்சார் தொங்கும். வெளியே இருக்கிற கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் குளிர் என்று பெயரைத் தட்டினால், உள்ளே எத்தனை டிகிரி என்று ஒற்றை எண்ணைச் சொல்லிவிட்டு அது முடிந்துவிடும். அமுக்கப் பொத்தான் கிடையாது, பார்க்கப் படம் கிடையாது. கேட்டால் சொல்லும், சொன்னதும் வாயை மூடிக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த அடக்கம்தான் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அப்புறம் ஒருநாள் அவளுடைய மேலதிகாரி வித்யாசங்கர் சார் அவள் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "எவனும் புது வெர்ஷன் போட மாட்டேங்கறான். நாம எப்பவோ சரி பண்ணினதுக்கு இன்னிக்கு போன் பண்ணித் திட்டறான். புதுசு வந்திருக்குன்னு குளிரே சொல்லிடட்டும். சின்ன வேலைதான், நீங்க பண்ணுங்க" என்றார். சின்ன வேலை என்றதாலேயே அவள் அதைப் பெரிய வேலையாக எடுத்துக்கொண்டு செய்தாள். குளிர் கம்பெனி சர்வரிடம் போய், என்னைவிடப் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்கும். வந்திருந்தால் மஞ்சள் எழுத்தில் ஒரே ஒரு வரி: புதிய பதிப்பு வந்துள்ளது, நேரம் இருக்கும்போது புதுப்பித்துக்கொள்ளவும். 'நேரம் இருக்கும்போது' என்பதைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று அன்று மதியம் முழுக்க யோசித்தாள். ஆரையும் தொந்தரவு பண்ணாதே என்றுதான் அம்மா அவளை வளர்த்திருந்தாள். பக்கத்து வீட்டில் டிவி பார்க்கப் போனாலும் வாசற்படி ஓரமாக உட்கார், தண்ணி கேட்காதே, அவங்க சாப்பிட உட்கார்ந்தா எழுந்து வந்துரு. அந்த வரிக்கும் அதே மரியாதையைத்தான் அவள் கற்றுக்கொடுத்தாள். அடிக்கடி சர்வரைப் போய்த் தட்டாதே, ஒரு நாளைக்கு ஒரு தரம் கேள், கிடைத்த பதிலை நினைவில் வைத்துக்கொள். வரியை எண்ணுக்கு மேலே போடுவதா கீழே போடுவதா என்றும் யோசித்தாள். எண் கடைசியில் இருந்தால்தான் பார்க்கிறவர் கண் அதில் போய் நிற்கும், நம்முடைய அறிவிப்பு அதை மறைக்கக் கூடாது என்று மேலே போட்டாள். எவ்வளவு நல்ல எண்ணம்.

இப்படி ஓடுகிற நிரலுக்கு இரண்டு வாய் உண்டு. ஒரு வாய் அடுத்த நிரலுக்குச் சேரவேண்டியதைச் சொல்வது, மற்றது பக்கத்தில் இருக்கிற மனிதனிடம் சொல்வது. எண்ணை முதல் வாயால் சொல்லவேண்டும். அறிவிப்பு, எச்சரிக்கை, புலம்பல் எல்லாம் இரண்டாவது வாயால். புத்தகத்திலேயே இருக்கிறது, இன்டர்வியூவில் கேட்டார்கள், சரியாகப் பதில் சொன்னாள். ஆனால் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து விழும், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, எது எந்த வாயிலிருந்து வந்தது என்று தெரியாது. அவள் சோதித்துப் பார்த்தாள். மஞ்சள் வரி வந்தது, கீழே எண் வந்தது, அழகாக இருந்தது. ஒருவேளை இரண்டாவது வாயால்தான் எழுதியிருக்கிறேனோ? கண்ணை மூடினாள். கோப்பின் அந்த இடம் இமைக்குள் தெரிந்தது; மஞ்சள் நிறத்தைத் தொடங்குகிற வரி, சொற்கள், நிறத்தை முடிக்கிற வரி. எந்த வாய்? தினமும் பூட்டுகிற வீட்டை இன்றைக்குப் பூட்டினோமா என்று யோசித்தால் போன வாரம் பூட்டியது ஞாபகத்துக்கு வருமே, அதுபோல வேறு கோப்புகளில் எழுதிய வரிகள் எல்லாம் வந்து வந்து போயின. பிறகு அந்த ஒன்று வந்தது. வெறும் பிரின்ட். எந்த வாய் என்று சொல்லாமல், கைப்பழக்கத்தில் வந்த வெறும் பிரின்ட் கட்டளை. முதல் வாய். அதை எழுதி மாசக்கணக்கு ஆகிறது, இத்தனை நாளும் எதுவும் ஆகவில்லை, எப்படி ஆகும்? சொல்வதற்குப் புதிய பதிப்பு என்று ஒன்று வந்தால்தானே வாயைத் திறக்கும்? கிடங்குகள் எல்லாவற்றிலும் அந்தத் தப்பு சத்தமில்லாமல் படுத்துக் கிடந்தது. நேற்று அவளே போய் எழுப்பிவிட்டாள். புதிய பதிப்பை சர்வரிலிருந்து திரும்ப எடுத்துவிட்டால்? ஆபீஸ் போனதும் முதல் வேலையாக எடுத்துவிடலாம். மனம் ஒரு நிமிஷம் லேசானது. உடனே அந்த மரியாதை நினைவுக்கு வந்தது. ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் கேட்கும். கேட்ட பதிலை வைத்துக்கொள்ளும். நேற்று கேட்டுவிட்ட கம்ப்யூட்டர்கள் இனி இன்று சாயங்காலம் வரைக்கும் யாரையும் கேட்காமல், ஓட்டுகிற ஒவ்வொரு தடவையும் அந்த வரியையே சொல்லிக்கொண்டிருக்கும். தொந்தரவு செய்யாதே என்று அவள் சொல்லிக்கொடுத்தது அவள் கைக்கே எட்டாத இடத்தில் போய் நின்றுவிட்டது.

"டிக்கெட், டிக்கெட், காரணம்பேட்டை எறங்கறவங்க முன்னாடி வாங்க" என்று கண்டக்டர் வந்தார். சீட்டை வாங்கிக்கொண்டு கையிலேயே வைத்திருந்தாள். சைரன் என்ன செய்யும்? எண் வரவேண்டிய இடத்தில் சொற்கள் வந்தால் ஃபெலிக்ஸ் அண்ணனின் இரண்டு வரி என்ன செய்யும்? பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டால் அறை எப்போதும் குளிராக இருப்பதாக நம்பிக்கொண்டு சைரன் பேசாமல் இருந்துவிடும். புரியாமல் நின்றுபோனாலும் அதே கதிதான். இல்லை, எட்டைவிடப் பெரியது என்று எடுத்துக்கொண்டால் கத்தும். கத்தினால் நல்லது, கத்தினால் ஆள் போய்ப் பார்ப்பான். கத்தட்டும், கத்தியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள், எந்தச் சாமியை என்று தெரியாமல். ஃபெலிக்ஸ் அண்ணனுக்கு போன் போட்டாள். அடித்து நின்றது. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். திரும்பப் போடலாமா, இரண்டு தடவை போட்டால் என்ன நினைப்பார் என்று யோசித்துவிட்டுப் போடவில்லை. வித்யாசங்கர் சாருக்குப் போடவேண்டும். அந்தப் பெயரைத் திரையில் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தாள். இந்த மாசக் கடைசியில் அவளுக்கு வேலை நிரந்தரம் ஆகவேண்டும். கடிதம் தயாராகிக்கொண்டிருப்பதாக அவர்தான் சொல்லியிருந்தார். முதல் பட்டதாரி சான்றிதழுக்காக அப்பா தறிக்குடோனில் லீவு சொல்லிவிட்டுத் தாலுக்கா ஆபீசில் நின்றது நினைவுக்கு வந்தது. குடும்பத்தில் இதற்கு முன் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று அரசாங்கம் முத்திரை குத்தித் தருகிற காகிதம். அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர், அவளே பட்டம் வாங்கிவிட்டது மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். இப்போதும் டீக்கடையில், எம் புள்ள கம்ப்யூட்டருக்கு எழுதிக் குடுக்குது, அது எழுதறதைத்தான் மிசினு கேக்குது என்கிறார். ஆமாம் அப்பா, அப்படியே கேட்கிறது. தப்பாக எழுதினால் தப்பையும் கேட்கிறது. முதலில் போனவளுக்குப் பின்னால் திரும்பிக் கேட்க யாரும் இல்லை. மற்றவர்கள் வீட்டில் ஒரு அண்ணனோ மாமாவோ இருந்து, அதெல்லாம் நடக்கறதுதான் விடு, எனக்கும் இப்படி ஒருதரம் ஆச்சு என்று சொல்வார்களாக இருக்கும். அவள் வீட்டில் கேட்டால், எதைத் தொட்டே, ஏன் தொட்டே என்பார்கள்.

சூலூர் தாண்டியதும் இன்னொரு நினைப்பு வந்தது, இதற்கு முன் வந்த எல்லாவற்றையும்விடச் சத்தமில்லாமல். யாருக்கும் தெரியவேண்டாமே. அந்தக் கிடங்கில் இருப்பது மாட்டுக்குப் போடுகிற கோமாரித் தடுப்பூசி. இரண்டு டிகிரிக்கும் எட்டுக்கும் நடுவில் வைக்கவேண்டிய மருந்து. எட்டுக்கு மேல் போய் மணிக்கணக்கில் நின்றுவிட்டால் அதை நம்பக் கூடாது. ஆனால் அது புளிக்காது, திரியாது, நாற்றம் வராது. குப்பியைத் தூக்கிப் பார்த்தால் நேற்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். ராத்திரி கரண்டு போய் வந்திருந்தாலும், பட்டனை யாரும் அமுக்காமல் விட்டிருந்தாலும், காலையில் யாராவது போய் அமுக்கிவிட்டால் அறை மறுபடி குளிர்ந்துவிடும், புதிய பதிப்பைத் திரும்ப எடுத்துவிட்டால் சாயங்காலம் மஞ்சள் வரியும் போய்விடும், நாளைக்குத் திருத்தத்தைப் போட்டுவிடலாம், எதுவுமே நடக்காதது மாதிரி ஆகிவிடும். மாடுகளுக்கு ஊசி போடுவார்கள். போட்டதும் ஒன்றும் ஆகாது. ஆனியிலோ ஆடியிலோ எங்கோ ஒரு கட்டுத்தறியில் ஒரு மாடு வாயில் நுரை தள்ளிக்கொண்டு, குளம்பு வெடித்து, காலை உதறிக்கொண்டு நிற்கும். ஊசி போட்டமே, எப்படி வந்துச்சு என்பார்கள். தலையெழுத்து என்பார்கள். டாக்டரைத் திட்டுவார்கள். ஒருவருக்குக்கூட மஞ்சள் எழுத்தில் ஒரு வரி என்று தோன்றாது. அவளுக்கு மட்டும் தோன்றும். காலையில் சோற்று டப்பாவை மூடிக்கொண்டே அம்மா சொன்னாள்: "நாளைக்குப் பால் சொசைட்டியில ஊசி போட வர்றாங்களாமா, செவலைக்குக் கயிறு பிடிக்க ஆள் வேணும், ஒரு மணி நேரம் லேட்டா வர்றேன்னு உங்க ஆபீஸ்ல சொல்லேன்." செவலை அவர்கள் வீட்டு மாடு. ஊசி என்றால் அம்மாவைத் தவிர வேறு யார் கைக்கும் நிற்காது. அம்மா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்த ஊசி மருந்து எந்தக் கிடங்கிலிருந்து வருகிறது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. காங்கேயம் பக்கத்தில்தானே இருக்கிறது. அங்கிருந்தே இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இல்லாவிட்டால் மட்டும் என்ன? அங்கேயும் யாராவது ஒரு அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கத்தானே போகிறாள்.

வித்யாசங்கர் சாருக்கு எழுதத் தொடங்கினாள். சார், ஒரு சின்ன விஷயம். சின்ன விஷயம் இல்லையே, அழித்தாள். சார், நேற்றைய வெளியீட்டில் ஒரு சந்தேகம். சந்தேகமா? அழித்தாள். சார், அறிவிப்பு வரியை நான் தப்பான. தப்பான என்ற இடத்தில் கட்டைவிரல் நின்றுவிட்டது. யாராவது படித்துக் கவலைப்படும்படி ஒரு வரி எழுதுவது அவளுக்கு எப்போதும் வராத காரியம். கல்லூரியில் காய்ச்சல் வந்து படுத்தபோதுகூட வீட்டுக்கு, நல்லா இருக்கேன், நேரம் இருக்கும்போது கூப்பிடுங்க என்றுதான் அனுப்பினாள். நேரம் இருக்கும்போது. அங்கிருந்துதான் அந்த வார்த்தை வந்ததா? உதடு அசைந்திருக்கவேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், மில் சீருடைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டவர், திரும்பினார். "என்ன கண்ணு, பரீச்சையா?" "இல்லைங்க்கா." "உருப்போடற மாதிரி இருந்துச்சு. எம் பொண்ணும் இப்படித்தான், பஸ்ஸுல ஏறுனதும் புஸ்தகத்தைத் தொறப்பா. வீட்டுல படிக்காத கழுதை பஸ்ஸுல படிச்சு என்ன ஆகப்போவுது? கடைசியில ரெண்டு பேப்பர் போச்சு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "மூஞ்சி ஏன் இப்படி இருக்குது? வாந்தி வருதா? ஜன்னலைத் தொறந்துக்க." ஷட்டரை அவரே தூக்கிவிட்டார். ஈரக்காற்று முகத்தில் அடித்தது. இவரிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அக்கா, எனக்கு ஒரு வரி வாய் மாறிப் போய்விட்டது. என்னவென்று நினைப்பார்? ஒண்டிப்புதூர் வந்தது. இறங்குவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது, இறங்கிய பிறகு, ஆபீஸ் போன பிறகு, நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, கோப்பைத் திறந்து உறுதி செய்துகொண்ட பிறகு என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போவதை அவளே பார்த்தாள். கோப்பைப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை. அவளுக்குத் தெரியும்.

போனில் காங்கேயம் கிடங்கு என்று ஒரு எண் இருந்தது. கிடங்கைப் பார்த்துக்கொள்கிற அங்கண்ணனுடையது. ஒருமுறை கம்ப்யூட்டர் திறக்கவில்லை என்று கூப்பிட்டவருக்கு அவள்தான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். கடைசியில் பார்த்தால் பிளக் போடாமல் இருந்தது. அவர் கூச்சப்படாமல் சிரித்து, நீ நல்லா இருப்பே அம்மிணி என்றார். யோசித்தால் போட மாட்டோம் என்று தெரிந்து, யோசிப்பதற்குள் அமுக்கிவிட்டாள். உடனே எடுத்துவிட்டார்.

"ஆருங்க?"

"அண்ணா, நாகஜோதி பேசறேன். கோயமுத்தூர் ஆபீஸ்ல இருந்து."

"அட, பிளக் அம்மிணியா! சொல்லு, சொல்லு. கேக்குது."

"சைரன்... அண்ணா, சைரன் கத்துச்சுங்களா?"

"கத்துச்சான்னா கேக்கறே? நேத்துச் சாயங்காலம் ஆரம்பிச்சது, காதே போச்சு. உள்ள போய்ப் பார்த்தா மீட்டரு அஞ்சு காட்டுது, நல்லாத்தான் இருக்குது. பெலிக்ஸ் தம்பிக்கு போன் போட்டேன். தெரையில என்னமோ மஞ்சளா எழுதியிருக்குது தம்பின்னேன். படிங்கன்னாரு, படிச்சேன். அதுவா, புதுசு வந்திருக்குன்னு சொல்லுது, அதுக்குப் போயி கத்துது, ஒயரைக் கழட்டி உட்ருங்க, நாளைக்கு வந்து பாக்கறேன்னாரு. கழட்டி உட்டுட்டேன். அப்பறம்தான் நிம்மதியாத் தூங்குனேன்."

அவள் நினைத்துவைத்திருந்த எதிலும் இது இல்லை. கத்தட்டும் என்று வேண்டிக்கொண்டாளே, கத்தியிருக்கிறது. வேண்டியது நடந்திருக்கிறது. ஒன்றுமில்லாததற்குக் கத்தியதால் அதன் வாயைக் கட்டிவிட்டு அந்த மனுஷன் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார், அதற்குப் பிறகு இடி இடித்திருக்கிறது.

"அண்ணா, ராத்திரி அங்க கரண்டு போச்சுங்களா?"

"போச்சு, வந்துச்சு, போச்சு. மழைன்னா அப்படித்தான?"

"காலையில உள்ள போய்ப் பார்த்தீங்களா?"

"இப்பத்தான் கதவையே தொறந்து உட்ருக்கேன். வண்டி வந்து நிக்குது, நாளைக்கு முகாமுக்கு ஏத்தறாங்க. ஏம்மிணி?"

"மீட்டரைப் பார்த்துச் சொல்றீங்களா? இப்பவே. போனை வைக்காம."

"பாத்துட்டாப் போச்சு." போன் எங்கோ வைக்கப்பட்ட சத்தம். அட்டைப்பெட்டிகள் சரசரத்தன. யாரோ, அதை அடியில வைடா என்றார்கள். செருப்புச் சத்தம் தூரமாகப் போனது. அதற்குப் பின்னால் வேறு சத்தம் எதுவும் இல்லை. ஒரு குளிர் அறைக்குப் பின்னால் எப்போதும் இருக்கவேண்டிய கம்ப்ரசரின் உறுமல் இல்லை. சிங்காநல்லூர் நிறுத்தத்தில் பஸ் நின்றது, மில் அம்மாள் எழுந்தார், வரட்டா கண்ணு என்று தோளைத் தொட்டுவிட்டு இறங்கினார், அவள் தலையை ஆட்டினாளா என்று அவளுக்கே தெரியவில்லை. இதோ இந்த நொடிவரை எண் என்று ஒன்று இல்லை, அவர் வாயைத் திறக்கும்வரை அது அஞ்சாகவும் இருக்கலாம், ஆறாகவும் இருக்கலாம், கடவுளே ஏழாகக்கூட இருக்கலாம். செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

"பதினாலு காட்டுது அம்மிணி," என்றார் அங்கண்ணன். குரலில் ஒரு வருத்தமும் இல்லை. "உள்ள நல்லா சில்லுனுதான் இருக்குது. வெளிய வரவே மனசில்லை."

பதினாலு. மனுஷனுக்குச் சில்லென்று இருக்கும். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

"அவ்வளவுதானே? ஏத்துக்கூலிக்காரங்க காத்துட்டு இருக்காங்க. வச்சிரட்டுங்களா?"

"வைக்காதீங்க." பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி அது வந்தது. "அண்ணா, வைக்காதீங்க. ஏத்தினதை எறக்கச் சொல்லுங்க. அந்த மருந்தை எந்த மாட்டுக்கும் போடக் கூடாது."

"என்னம்மிணி சொல்றே? எல்லாம் நேத்து இருந்த மாதிரியேதான் இருக்குது."

"அப்படித்தாண்ணா இருக்கும்."

"ஆரு சொல்லி எறக்கச் சொல்றதுன்னு கேப்பாங்களே? நான் ஆரு பேரைச் சொல்றது?"

"என் பேரைச் சொல்லுங்க," என்றாள். அவர் மறந்திருப்பாரோ என்று முழுப் பெயரையும் இன்னொரு தடவை, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.